கொடுத்த சைக்கிளும் கொடுக்காத பாதையும்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையின் கிரிவலச் சாலையில் வண்டி ஓடாது. அன்று மட்டும் 14 கிலோமீட்டர் தார்ச்சாலையும் நடப்பவர்களுக்குச் சொந்தம். வேலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வருகிற கூட்டம் ஊருக்கு வெளியிலேயே இறங்கி நடக்கும். தடுப்புக் கட்டைகளுக்கு அந்தப் பக்கம் ஹாரன், இந்தப் பக்கம் செருப்பில்லாத கால்கள். இரவு இரண்டு மணிக்கு எழுபது வயதுக் கிழவி ஒருத்தி நடுச்சாலையில், ஒருமுறைகூடப் பின்னால் திரும்பிப் பார்க்காமல், தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பாள். நிறைமாதக் கர்ப்பிணியான ஒரு ராணி நடப்பதுபோல இந்த மலையைச் சுற்றவேண்டும் என்று இங்கே ஒரு சொல்வழக்கு உண்டு. அவ்வளவு மெதுவாக. மறுநாள் காலையில் அதே கிழவி அதே சாலையைக் குறுக்கே கடக்க முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓரத்தில் காத்து நிற்பாள்.

கூட்டத்தை வரவழைப்பது மலை, டிராஃபிக் போலீஸ் இல்லை. அது தெரிந்ததுதான். ஆனால் அந்தக் கிழவியை நடுச்சாலையில் பயமில்லாமல் நடக்கவைப்பது பக்தி மட்டும்தான் என்று என்னால் நம்ப முடியவில்லை. பக்தி அவளை ஊர் வரைக்கும் கூட்டிவருகிறது, மீதி வேலையைச் செய்வது தடுப்புக் கட்டை. சாலையிலிருந்து வேகத்தை எடுத்துவிட்டால் யாரெல்லாம் சாலைக்கு வருவார்கள் என்பதை மாதம் ஒருமுறை கண்ணால் பார்க்கிற ஊர் இது. நகரங்களில் சைக்கிளுக்கென்று தனிப்பாதை போட்டால் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் கூடுவார்களா என்று உலகம் தொண்ணூறு வருடமாக வாதாடிக்கொண்டிருக்கிறது. அந்த வழக்கை இந்த ஊரிலிருந்து பார்க்கலாம் என்று தோன்றியது.

*

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். லண்டனில் கேட்கிற கேள்வியை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே கேள்வி, காரை விட்டு இறங்கி சைக்கிளில் ஏறுவார்களா என்பது. இங்கே சைக்கிளில் இருந்தவர்கள்தான் இறங்கிப் போனார்கள்.

1949-இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் வண்டிகள் வரத் தொடங்கிய அந்தப் பத்திருபது வருடங்களில், சைக்கிள் என்பது தமிழ்நாட்டுச் சிறு நகரங்களில் ஒரு குடும்பத்தின் முதல் சொத்து. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கொடுத்தார்கள். முனிசிபாலிட்டிக்கு வரி கட்டி வில்லை வாங்கி வண்டியில் மாட்டவேண்டும். இருட்டில் விளக்கில்லாமல் போனால் போலீஸ் பிடிக்கும், டபுள்ஸ் போனால் பிடிக்கும், பிடித்தால் டியூபிலிருந்து காற்றைப் பிடுங்கிவிட்டு உருட்டிக்கொண்டு போகச் சொல்லும். இதையெல்லாம் கொடுமையாகத்தான் பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கென்னவோ அதில் ஒரு மரியாதை இருந்ததாகப் படுகிறது. அரசாங்கம் வரி கேட்கிறது என்றால் உன்னை ஒரு வாகனமாக ஒத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இன்றைக்குத் திருவண்ணாமலை பேருந்து நிலையம் பக்கம் சைக்கிளில் போகிறவரை டிராஃபிக் போலீஸ் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அவர் வாகனமும் இல்லை, பாதசாரியும் இல்லை.

1980-இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. தமிழ்நாட்டில் சைக்கிளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கார் வந்து சைக்கிளை விரட்டியது என்று எழுதினால் அது ஐரோப்பாவைக் காப்பியடித்தது. இங்கே விரட்டியது மோப்பட். பால்காரர், மீன்காரர், ஐஸ் பெட்டிக்காரர், வட்டிக்குக் கொடுத்து வசூலுக்குப் போகிறவர், எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக மாறினார்கள். அதில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. கேரியரில் அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு மே மாத வெயிலில் எதிர்க்காற்றில் மிதித்த மனிதருக்கு மோப்பட் ஒரு விடுதலை. சைக்கிளைக் காதலிக்கிற கட்டுரைகள் இந்த ஒரு இடத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொள்கின்றன.

ஆனால் அதே காலத்தில் இதற்கு எதிர்த்திசையிலும் ஒன்று நடந்தது. 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் அங்கே கலெக்டர். எழுத்துக் கற்றுக்கொடுக்கிற இயக்கத்துக்குள் சைக்கிள் கற்றுக்கொடுப்பதும் சேர்ந்தது. தொண்டர்கள் கிராமம் கிராமமாகப் போகவேண்டும், பெண் தொண்டர்கள் யார் தயவையும் எதிர்பார்க்காமல் போகவேண்டும் என்பது தொடக்கக் காரணம். பிறகு அது தன் போக்கில் வளர்ந்தது. குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், நர்ஸுகள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று பல்லாயிரம் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். பி. சாய்நாத் அதை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் வண்டியை ஓட்டியவர்கள், பிறகு அதையே விரும்பியும் வாங்கினார்கள். முன்னால் இருக்கிற பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பது காரணம். இந்த ஒரு விவரம் போதும், அவர்கள் வேடிக்கைக்கு ஓட்டவில்லை என்பதற்கு.

புதுக்கோட்டையில் தனிப்பாதை ஒரு மீட்டர்கூட கிடையாது. அப்படியென்றால் பாதையே தேவையில்லை, ஆர்வமும் அரசின் தூண்டுதலும் இருந்தால் போதும் என்று ஒருவர் வாதாடலாம். வாதாடியும் இருக்கிறார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். 1992-இன் புதுக்கோட்டைக் கிராமச் சாலையில் மணிக்கு எத்தனை மோட்டார் வண்டி போயிருக்கும்? காலையில் ஒரு டவுன் பஸ், எப்போதாவது ஒரு லாரி. அந்தச் சாலைகள் முழுவதுமே தனிப்பாதைகள்தான். யாரும் கல் நட்டுப் பிரிக்கவேண்டிய அவசியம் வரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த இருபது வருடத்தில் அந்த அமைதி போய்விட்டது. சென்னையில் 2008-இல் எடுத்த போக்குவரத்து ஆய்வில் மொத்தப் பயணங்களில் நடை 28 சதவீதம், சைக்கிள் வெறும் 6. நாடு முழுக்க என்று பார்த்தால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், விவசாயமும் வீட்டுத்தொழிலும் தவிர்த்த வேலைகளுக்குப் போகிறவர்களில் சுமார் 13 சதவீதம் பேர் சைக்கிளில் போனார்கள். பாரிஸ் மேயரும் லண்டன் மேயரும் பொறாமைப்படவேண்டிய எண்ணிக்கை. அவர்களில் பெரும்பாலோர் வேறு வழியில்லாமல் ஓட்டியவர்கள்.

இந்த 'வேறு வழியில்லாமல்' என்பதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கவேண்டும். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்தில் சைக்கிள் திட்டங்களைக் கவனித்த ரோஜர் கெல்லர் 2006-இல் தன் ஊர் மக்களை நான்காகப் பிரித்தார். எதற்கும் அஞ்சாதவர்கள், 1 சதவீதத்துக்கும் குறைவு. தைரியமும் ஆர்வமும் உள்ளவர்கள் 7. ஆசை இருக்கிறது ஆனால் பயமாக இருக்கிறது என்பவர்கள் 60. எந்த ஜென்மத்திலும் முடியாது என்பவர்கள் மீதிப் பேர். தனிப்பாதை என்பது அந்த 60-க்காக என்பது அவர் வாதம். நம் ஊருக்கு ஐந்தாவதாக ஒரு பிரிவு வேண்டும்: பயமாக இருக்கிறது, ஆனாலும் ஓட்டித்தான் ஆகவேண்டும். ஓட்டல் தொழிலாளி, வாட்ச்மேன், கட்டட வேலைக்குப் போகிறவர், பள்ளிக்கூடப் பிள்ளை. இவர்கள் கையில் முதல் முறையாகக் கொஞ்சம் காசு சேர்ந்ததும் செய்கிற காரியம் டூவீலருக்கு முன்பணம் கட்டுவது.

*

தனிப்பாதை என்ற யோசனை நல்ல எண்ணத்தில் பிறந்ததில்லை. அதன் ஜாதகத்திலேயே கோளாறு உண்டு.

1934 டிசம்பரில் லண்டனுக்கு மேற்கே, வெஸ்டர்ன் அவென்யூ என்ற புதிய பெருஞ்சாலையின் இரண்டு பக்கமும் இரண்டரை மைல் நீளத்துக்குப் போடப்பட்ட சைக்கிள் பாதையைப் போக்குவரத்து அமைச்சர் ஹோர்-பெலிஷா திறந்துவைத்தார். இங்கிலாந்தில் அந்த மாதிரி அதுதான் முதல். அதை எதிர்த்தவர்கள் யார் தெரியுமா? சைக்கிள்காரர்கள். அவர்களுடைய பெரிய சங்கமே எதிர்த்தது. இன்றைக்குப் பாதை கொடுப்பான், நாளைக்கு நீ சாலைக்கே வரக்கூடாது என்பான் என்பது அவர்கள் பயம். வீண் பயம் என்று சொல்லிவிட முடியாது. அதே ஆண்டுகளில் ஜெர்மனியில் நாஜி அரசு பாதை இருக்கிற இடத்தில் சைக்கிள்காரர்கள் அதில்தான் போயாகவேண்டும் என்று சட்டம் போட்டது. மோட்டார் வண்டிகளுக்கு வழியைக் காலி செய்வது அதன் நோக்கம், அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. பாதுகாப்பு என்ற பெயரில் ஒதுக்குவது. ஒதுக்கப்பட்ட பாதைகளின் வரலாறு தெரிந்த நம் ஊர்க்காரர்களுக்கு இந்தச் சந்தேகத்தைத் தனியாக விளக்கவேண்டியதில்லை.

போருக்குப் பிறகு இங்கிலாந்தில் நடந்த இன்னொரு சோதனைதான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. 1946-இல் ஸ்டீவனேஜ் என்ற ஊரை முதல் 'புதிய நகரம்' என்று அறிவித்தார்கள். அதன் தலைமைப் பொறியாளர் எரிக் கிளாக்ஸ்டன் தானே தினமும் சைக்கிள் ஓட்டுகிற மனிதர். ஊரின் பெரிய சாலைகள் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் அகலமான சைக்கிள் பாதை போட்டார். சந்திப்புகளில் சைக்கிள் காரைச் சந்திக்கவே வேண்டாம் என்று சுரங்க வழிகள் அமைத்தார். ஒரு பொறியாளனாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாத வேலை. நெதர்லாந்துக்காரர்கள் செய்ததற்கு முன்னாலேயே, அதற்கு நிகராகச் செய்தது. ஆனால் ஜனங்கள் ஓட்டவில்லை. 2011 கணக்கெடுப்பில் ஸ்டீவனேஜில் வேலைக்கு சைக்கிளில் போனவர்கள் 3 சதவீதத்தை ஒட்டித்தான்.

ஏன்? கிளாக்ஸ்டன் கார்களுக்கும் அதே அளவு பிரமாதமான சாலைகளைப் போட்டிருந்தார். நெரிசல் கிடையாது, நிறுத்த இடம் தாராளம். ஐந்து நிமிடத்தில் காரில் போகலாம் என்றால் பத்து நிமிடம் மழையில் மிதிக்க யாருக்குப் பைத்தியம்? தனிப்பாதையை நம்புகிறவர்கள் ஸ்டீவனேஜைப் பேசாமல் தாண்டிப்போய்விடுகிறார்கள். தனிப்பாதையை எதிர்க்கிறவர்கள் ஸ்டீவனேஜை மட்டுமே பேசுகிறார்கள்.

நெதர்லாந்தில் நடந்தது வேறு. நெதர்லாந்துக்காரர்கள் பிறவியிலேயே சைக்கிள்காரர்கள் என்று ஒரு கதை உலவுகிறது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அவர்களும் நம்மைப்போலவே இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஆம்ஸ்டர்டாமின் தெருக்கள் கார்களால் அடைபட்டுக்கிடக்கிற அந்தக்காலப் புகைப்படங்களைப் பார்த்தால் தி.நகர் மாதிரி இருக்கும். 1971-இல் அந்தச் சிறிய நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் சுமார் 3,300 பேர். அதில் 400-க்கும் மேல் குழந்தைகள். விக் லாங்கென்ஹோஃப் என்ற பத்திரிகையாளரின் ஆறு வயது மகள் பள்ளிக்கு சைக்கிளில் போகும்போது கார் மோதி இறந்தாள். அடுத்த ஆண்டு அவர் எழுதிய கட்டுரைக்கு 'குழந்தைக் கொலைகளை நிறுத்து' என்று தலைப்பு. விபத்து என்று சொல்லாமல் கொலை என்று எழுதினார். அதே பெயரில் ஓர் இயக்கம் எழுந்தது. அம்மாக்களும் அப்பாக்களும் தெருவை மறித்து உட்கார்ந்தார்கள், பிள்ளைகளைத் தெருவில் விளையாடவிட்டார்கள். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை வந்தபோது, கார் இல்லாத சாலை எப்படி இருக்கும் என்று ஒரு தேசமே பார்த்தது. அவர்களுக்கு அது ஒரு பௌர்ணமி.

அதற்குப் பிறகுதான் பாதைகள் வந்தன, அதுவும் முதல் முயற்சியிலேயே சரியாக வரவில்லை. எழுபதுகளில் தில்பர்க்கிலும் தி ஹேகிலும் அரசுப் பணத்தில் ஆளுக்கொரு மாதிரிப் பாதை போட்டார்கள். பாதை நிரம்பியது. ஆனால் எண்ணிப் பார்த்தபோது அதில் நிறையப் பேர் பக்கத்துத் தெருவில் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள், வசதியாக இருக்கிறதே என்று மாறி வந்தவர்கள். புதிதாக ஏறியவர்கள் குறைவு. பாடம் கற்றது டெல்ஃப்ட். எண்பதுகளில் அந்த ஊர் முழுவதையும் வலைபோல இணைத்தார்கள். விட்டுப்போன பாலங்கள், அறுபட்ட சந்துகள் எல்லாவற்றையும் கோத்தார்கள். பயணங்களில் சைக்கிளின் பங்கு 40-இலிருந்து 43 சதவீதமானது. மூன்றுதானா என்று தோன்றும். மற்ற ஊர்களில் குறைந்துகொண்டிருந்த காலம் அது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

கோபன்ஹேகனில் பல ஆண்டுத் தரவுகளை வைத்து யென்சன் என்பவர் 2008 வாக்கில் செய்த ஆய்வு இன்னும் நேர்மையானது. கல் கட்டிப் பிரித்த பாதை போட்ட தெருக்களில் சைக்கிள் போக்குவரத்து 20 சதவீதத்தை ஒட்டிக் கூடியிருந்தது. வெறும் வெள்ளைக்கோடு போட்ட தெருக்களில் 5 சதவீதத்தை ஒட்டி. ஆனால் அதே ஆய்வில், கல் கட்டிய தெருக்களில் சந்திப்பு விபத்துகள் கூடியும் இருந்தன. நேர்ச்சாலையில் பாதுகாத்துவிட்டு திருப்பத்தில் கைவிட்டால் அதுதான் நடக்கும்.

ஸ்பெயினின் செவில் எல்லோரும் மேற்கோள் காட்டுகிற ஊர். நல்ல வெயில் ஊர் என்பதால் நமக்கும் பொருந்தும். 2006-ஐ ஒட்டி, சுமார் 80 கிலோமீட்டர் பாதையை ஒரேயடியாக, கார் நிறுத்துகிற இடங்களைப் பிடுங்கிப் போட்டார்கள். அரை சதவீதமாக இருந்த சைக்கிள் பயணம் சில வருடங்களில் ஆறேழு சதவீதமானது. முழுதாகப் போட்டார்கள், வேகமாகப் போட்டார்கள், காரிடமிருந்து எடுத்துப் போட்டார்கள். ஸ்டீவனேஜ் செய்யத் தவறியது அந்த மூன்றாவதைத்தான்.

*

இந்தியாவில் தனிப்பாதை பற்றி அரசு யோசிக்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு செய்தி. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1962-லேயே சைக்கிள் பாதைகளுக்கென்று தனியாக ஒரு நெறிமுறை வெளியிட்டது. அதன் கணக்கு இப்படிப் போகும்: நெரிசல் நேரத்தில் மணிக்கு 100 முதல் 200 மோட்டார் வண்டிகள் போகும் சாலையில், 400 சைக்கிள்களுக்கு மேல் போனால் தனிப்பாதை போடலாம். மோட்டார் வண்டிகள் 200-ஐத் தாண்டினால் 100 சைக்கிள்கள் இருந்தாலே போதும்.

1962-க்கு அது நல்ல கணக்குத்தான். அன்றைக்கு நேர்மையாக அமல்படுத்தியிருந்தால் தமிழ்நாட்டில் பாதி ஊர்களின் கடைவீதிக்குப் பாதை கிடைத்திருக்கும். அமல்படுத்தவில்லை. வருடங்கள் ஓடின, வண்டிகள் பெருகின, சைக்கிள்கள் ஓரம் கட்டின. இப்போது போய் எண்ணினால் 100 தேறாது. தேறாததால் பாதை தேவையில்லை.

என் தொழிலில் இதைத் தினமும் பார்க்கிறேன். ஒரு ஆப்பில் ஒரு பக்கம் திறக்க முப்பது விநாடி ஆகிறது. பயனர்கள் ஓடிவிடுகிறார்கள். மீட்டிங்கில் ஒருவர் வரைபடத்தைக் காட்டி, இந்தப் பக்கத்தை யாருமே பயன்படுத்துவதில்லை, இதைச் சரிசெய்ய ஏன் ஆள் போடவேண்டும் என்பார். பௌர்ணமி அல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கிரிவலச் சாலையில் நின்று தலையை எண்ணிவிட்டு, இங்கே நடக்கிறவர்களே இல்லை என்று அறிக்கை எழுதுவது மாதிரி.

போட்ட இடத்திலும் கதை சுகமில்லை. டெல்லியில் 2008 ஏப்ரலில் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர் பிஆர்டி பாதை திறந்தார்கள். நடுவில் பஸ்ஸுக்குத் தனித்தடம், இடது ஓரத்தில் சைக்கிளுக்குத் தனித்தடம். ஐஐடி டெல்லியின் தினேஷ் மோகனும் கீதம் திவாரியும் வருடக்கணக்காக வாதாடி வந்த யோசனை. சைக்கிள் தடத்தில் பைக்குகள் புகுந்தன, அது ஒரு பக்கம். பெரிய சண்டை காருக்கும் பஸ்ஸுக்கும். 2012-இல் உயர் நீதிமன்றம் வரை போனது. செல்வத்தை உருவாக்குகிறவர்கள் காரில் போகிறவர்கள், அவர்கள் நேரம் வீணாகிறது என்ற வாதம்கூட வைக்கப்பட்டது. நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஆனாலும் சில வருடங்களில் அரசே அந்தப் பாதையை இடித்துவிட்டது. நீதிமன்றத்தில் ஜெயித்துத் தெருவில் தோற்ற வழக்கு.

சென்னை மாநகராட்சி 2014-இல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றது. இந்திய நகரங்களில் அதுதான் முன்னோடி. போக்குவரத்துச் செலவில் 60 சதவீதம் நடைக்கும் சைக்கிளுக்கும் என்றெல்லாம் எழுதினார்கள். நடைபாதைகள் நிஜமாகவே வந்தன, பாண்டி பஜார் 2019-இல் ஆளே மாறிப்போனது. சைக்கிளுக்கு வந்ததோ துண்டு துண்டாகத்தான் வந்தது. தில்பர்க் நாற்பது வருடம் முன்னால் சொன்னதை யாரும் கேட்டிருக்கவில்லை.

*

தமிழ்நாட்டு அரசு இந்த வழக்கில் மறுபக்கத்தில் நின்று ஒரு பெரிய காரியம் செய்திருக்கிறது. 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் திட்டம் வந்தது. 2005-06-இல் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மேல்நிலை மாணவர்கள் எல்லோருக்கும் என்று விரிந்தது. நான் அந்த வருடம் பதினொன்றாம் வகுப்பு. மைதானத்தில் வரிசையாக நிறுத்தியிருந்த சைக்கிள்களின் சீட்டில் பிளாஸ்டிக் உறை வெயிலில் பளபளத்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. பெல் சரியில்லை, பிரேக் சரியில்லை என்று வாங்கின அன்றே பஞ்சர் கடைக்கு ஊர்வலம் போனோம்.

சைக்கிள் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் பீகாரிலிருந்து வந்தது. 2006-இல் அங்கே ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்தபோது மாணவிகள் சேர்க்கை சுமார் 30 சதவீதம் கூடியிருந்தது. பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கிராமங்களில்தான் அதிகம் கூடியது. தூரம்தான் தடையாக இருந்தது என்பது அங்கே நிரூபணமானது.

நம் ஊரில் இரண்டாவது தடை இருக்கிறது. இருபது வருடமாக ஒவ்வொரு வருடமும் லட்சக்கணக்கான பதினாறு வயதுப் பிள்ளைகள் கையில் அரசு ஒரு சைக்கிளைக் கொடுக்கிறது. உலகத்தில் இதற்கு இணையான சைக்கிள் கொள்கை அரிது. கொடுத்துவிட்டு அந்தப் பிள்ளையை மாநில நெடுஞ்சாலையில் டிப்பர் லாரிக்கும் கல்லூரி பஸ்ஸுக்கும் நடுவில் அனுப்புகிறது. வாங்கின சைக்கிளை விற்றுவிட்டார்கள், துருப்பிடிக்கவிட்டார்கள் என்று வருடா வருடம் ஒரு செய்தி வரும். படித்துவிட்டு நன்றிகெட்ட ஜனம் என்று திட்டுகிறவர்களை, ஒருநாள் சாயங்காலம் நாலரை மணிக்குச் செங்கம் சாலையில் அந்த சைக்கிளை ஓட்டிக் காட்டச் சொல்லவேண்டும்.

2021-இலிருந்து பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணமில்லை. அதனாலும் சைக்கிள் குறைந்திருக்கலாம், அது நல்ல காரணம். பஸ்ஸில் பத்திரமாகப் போகிற பெண்ணை சைக்கிளுக்கு இழுக்கவேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. பஸ் வராத ஊர்ப் பெண்ணைப் பற்றித்தான் கவலை.

திருவண்ணாமலை 2011-இல் 1,45,000 பேர் இருந்த நகரம். 2024-இல் மாநகராட்சியாகிவிட்டது, ஆனாலும் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு சைக்கிளில் அரை மணி நேரம்தான். மலைப்பக்கம் தவிர மேடு கிடையாது. ரமணாசிரமம் பக்கம் வந்து மாதக்கணக்கில் தங்குகிற வெள்ளைக்காரர்கள் வாடகை சைக்கிளில்தான் சுற்றுகிறார்கள். அந்தப் பக்கம் பஞ்சர் கடை வைத்திருக்கிற அண்ணனிடம் கேட்டேன். "நம்ம ஆளுங்க வண்டி எங்க தம்பி வருது? ஃபாரின்காரங்க வண்டி, ஸ்கூல் புள்ளைங்க வண்டி, ரெண்டுதான். புள்ளைங்க பன்னெண்டாவது முடிச்சா அதுவும் நின்னுடும்" என்றார்.

கிரிவலச் சாலையில் ஏற்கனவே ஒரு தனித்தடம் உண்டு, நடப்பவர்களுக்கு. மலையை ஒட்டிய பக்கத்தில் சித்தர்கள் நடப்பார்கள், மனிதர்கள் இடது ஓரமாகப் போகவேண்டும் என்பது நம்பிக்கை. சித்தர்களுக்குக்கூட ஒரு தடம் ஒதுக்கி வைத்திருக்கிற சாலை உலகத்தில் வேறெங்கும் இருக்காது. அந்தப் பெருந்தன்மையில் கொஞ்சம் மாணவிகளுக்கும் கொடுக்கலாம் என்று நினைத்தால், உடனே வருகிற யோசனை சாலையை அகலப்படுத்துவது. அது ஆபத்தான யோசனை. 2016-இல் அகலப்படுத்துகிறேன் என்று கிரிவலச் சாலையில் மரங்களை வெட்டத் தொடங்கி, எதிர்ப்பு எழுந்து, விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. வெயில் ஊரில் சைக்கிள் பாதையின் முதல் தேவை நிழல். மரத்தை வெட்டிப் போடுகிற சைக்கிள் பாதை ஸ்டீவனேஜை விட மோசமாகத் தோற்கும்.

இருக்கிற அகலத்துக்குள்தான் எடுக்கவேண்டும். எடுப்பது யாரிடமிருந்து என்பதுதான் எல்லா ஊரிலும் சண்டை. இங்கே கார் நிறுத்துகிற இடத்திலிருந்து எடுக்கலாம். பூக்கட்டுகிற அம்மாவிடமிருந்தும் இளநீர் வண்டிக்காரரிடமிருந்தும் எடுக்கக்கூடாது. எடுப்பதென்றால் அதிகாரிகளுக்கு முதலில் அவர்கள்தான் கண்ணில் படுவார்கள், அதனால் இதைச் சொல்லிவைக்கிறேன். டூவீலர் புகும். டெல்லியில் புகுந்தது, இங்கேயும் புகும். நுழைவில் கல் நடலாம், ஆனால் தொடர்ந்து பார்க்க ஆள் வேண்டும். இரண்டு கிலோமீட்டர் மாதிரிப் பாதை போட்டு அமைச்சரை வைத்துத் திறந்தால் தில்பர்க் கதைதான். ஆதி அண்ணாமலை, அத்தியந்தல் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பள்ளிக்கூட வாசல் வரைக்கும் நடுவில் அறுபடாமல் போகவேண்டும், முக்கியமாகச் சந்திப்புகளில்.

இவ்வளவும் செய்தால் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் பைக்கை விட்டு சைக்கிளில் ஏறுவார்களா? மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். இருபது வருடத் தவணையில் கிடைத்த வண்டியை யாரும் சும்மா விட்டுவிடப்போவதில்லை. எனக்கு அந்த எண்ணிக்கை முக்கியமாகவும் படவில்லை. பதினாறு வயதில் ஓட்டுகிற பெண் இருபத்தாறு வயதிலும் ஓட்டுவாளா, பாரில் இல்லாவிட்டாலும் கேரியரில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு அவளாகவே போய்வருவாளா என்பதை வைத்துத்தான் இந்த ஊரில் பாதையை அளக்கவேண்டும். புதுக்கோட்டையில் கற்றுக்கொண்ட பெண்களின் பேத்திகள் இப்போது அந்த வயதில் இருக்கிறார்கள்.

பள்ளி விட்டதும் உள்தெருவில் அவர்கள் இரண்டிரண்டு பேராக, மூன்று பேராகக்கூட, பேசிக்கொண்டே வருவார்கள். செங்கம் சாலை வந்ததும் பேச்சு நின்றுவிடும். ஒற்றை வரிசையாகிவிடும். தார் முடிகிற இடத்துக்கும் சாக்கடை தொடங்குகிற இடத்துக்கும் நடுவில் ஒரு முழ அகலத்துக்கு மண் இருக்கிறது, அதில் ஓட்டுவார்கள். ஆசிரமத்துக்கு வந்த வேன் ஒன்று அந்த மண்ணிலும் ஏற்றி நிறுத்தப்பட்டிருந்தால், முன்னால் போகிறவள் இறங்கி, பின்னால் பார்த்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேனைச் சுற்றிப் போவாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக இறங்குவார்கள்.